மேடு பார்த்து நிறுத்திய வண்டி

மார்ச் 4

சுரங்கத்துக்குள்ளே காற்று அனுப்பும் பெரிய மனிதருக்கு,

மூட்டை நலம். கடிதத்தைப் பிரித்ததும் அந்த வரியைத்தான் தேடுவீர்கள், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். மேலே ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. அதைத் தீட்டிக்கொள்ள உங்கள் மகளுக்கு என் தோள்பட்டைதான் அகப்பட்டது. இப்போது தூங்குகிறாள். எழுத உட்காருவதற்குள் இரண்டு முறை போய் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை விழித்துக்கொண்டாள். திட்டாதீர்கள், மறுபடி தூங்கவைத்துவிட்டேன்.

குவார்ட்டர்ஸ் கிடைத்த செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓர் அறை, ஒரு சமையலறை, மலையைப் பார்த்த ஜன்னல். போதும், நமக்கு அதுவே அரண்மனை. மே மாதம் மழை பிடித்தால் கணவாய்ப் பாதையை அடைத்துவிடுவார்கள், அதற்குள் வராவிட்டால் அடுத்த வருஷம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ் கிடையாது. சாமான் லாரியில் கைக்குழந்தையை ஏற்ற மாட்டார்கள். ஆக நானும், மூட்டையும், நம் பிக்கப் வண்டியும் வந்து சேர வேண்டும். முதல் இரண்டு பேரைப் பற்றிக் கவலை இல்லை.

மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஏர் ஃபில்டர் மாற்ற எதிர்த்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் பெரிய காற்றுக்குழாயைக் கழற்றிக் கீழே வைத்தார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். எண்ணெய். விரல் நுனியில் ஒட்டுகிற அளவு இல்லை, வழிகிற எண்ணெய். "என்னண்ணே இது, காத்து போற வழியில எண்ணெய் இருக்கு?" என்றேன். "வயசான வண்டிம்மா. மூச்சு விட்டா கொஞ்சம் வரத்தான் செய்யும். நமக்குச் சளி பிடிக்கிறதில்லையா?" என்றார்.

வீட்டுக்கு வந்து படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். என்ஜினுக்குள் சேரும் புகையும் அழுத்தமும் வெளியே போக ஒரு குழாய் உண்டாம், பிரீதர் ஹோஸ். அந்தப் புகையை வெளியே விடாமல் மறுபடி காற்றுக்குழாய்க்கே திருப்பி, எரித்துவிடுகிறார்கள். அதோடு எண்ணெய் ஆவியும் போகிறது. அதிகம் போனால் டீசல் வண்டி அந்த எண்ணெயையே குடித்து ஓட ஆரம்பித்துவிடுமாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காதாம்! மலைப்பாதையில், பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு, சாவி கையில் இருக்க, நிற்காத வண்டி. அரிதிலும் அரிது என்றுதான் போட்டிருக்கிறது. நான் புள்ளியியல் படித்தவள். ஆயிரத்தில் ஒன்று என்றால் எனக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கண்ணில் படுவதில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆயில் கேட்ச் கேன். இரண்டு வாய் உள்ள டப்பா. என்ஜின் விடும் மூச்சு ஒரு வாயில் நுழையும், எண்ணெய் அடியில் தங்கும், சுத்தமான காற்று மறுவாயில் வெளியேறும். மெக்கானிக்கிடம் சொன்னேன். "என்ஜினுக்கும் டயப்பர் கட்டிவிடப் போறியாம்மா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

வாங்கட்டுமா?

உங்கள் வீட்டுக்காரி

பி.கு. எண்ணெய் எவ்வளவு இருக்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.


மார்ச் 11

வீட்டு முதலாளிக்கு,

பென்சிலில் எழுதுவதற்கு மன்னிக்கவும். இங்கே பேனா மை ஈரத்தில் ஊறிவிடுகிறது. உன் கடிதத்தை ஃபேன் அறையில் வைத்துப் படித்தேன். அந்தச் சத்தத்தில் எதைப் படித்தாலும் யாரோ கத்திச் சொல்வது போல இருக்கும். நீ எழுதியதற்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

மூட்டை தூங்கினால் தூங்க விடு. மூச்சு விடுவது அவள் வேலை. அதில் அவளுக்கு உன்னைவிட அனுபவம் குறைவுதான், ஆனால் இதுவரை ஒரு தவறும் செய்யவில்லை.

வண்டிக்கு ஒன்றும் ஆகாது. எத்தனை மேடு ஏறியிருக்கிறது. உனக்குப் பதட்டம், அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அந்த டப்பாவை வாங்கினால் நீ தூங்குவாய் என்றால் தாராளமாக வாங்கு. வண்டிக்கு இல்லாவிட்டாலும் உனக்கு.

எண்ணெய் விஷயம். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் என்ஜினில் செருகியிருக்கும் அளவுக்கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார். இரண்டு கோடு இருக்கும். மேல்கோட்டைத் தொடட்டும். குறைந்திருந்தால் ஊற்று. ஷெட்டில் இரண்டு கேன் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கஞ்சத்தனம் பண்ணாதே, கொஞ்சம் கூட இருந்தால் குற்றமில்லை. குறைந்தால்தான் ஆபத்து. அப்புறம், ஹேண்ட் பிரேக் கொஞ்சம் தளர்வு. தெருவில் எப்போதும் மேடு பார்த்தே நிறுத்து, டயருக்குப் பின்னால் கல் வை.

செல்ஃபோன் டவர் வரும் வரும் என்கிறார்கள், வந்தபாடில்லை. ஆபீசில் ஒரு சாட்டிலைட் ஃபோன் இருக்கிறது. உயிர் போகிற விஷயத்துக்கு மட்டும் தருவார்களாம். அதனால் கடிதம்தான், சாமான் லாரிதான்.

குவார்ட்டர்ஸ் சுவருக்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்திருக்கிறேன். வாசல் பக்கம் மட்டும் உனக்குப் பிடித்த வெளிர் பச்சை.

காற்றுக்காரன்


மார்ச் 18

"உனக்குப் பதட்டம், அவ்வளவுதான்" என்று எழுதிய மகானுக்கு,

மூட்டை நலம். என்மேலேயே இரண்டு முறை பால் கக்கினாள். பல் முளைக்கும்போது அப்படித்தான் என்று மேல்வீட்டு அக்கா சொன்னார். அவர்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பல்தான் காரணம்.

பதட்டம் என்ற வார்த்தையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. நீங்கள் மூன்று ஃபேனை ஓட்டுகிறீர்கள். ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும், அதுவும் நின்றால் மூன்றாவது. அதற்குப் பெயர் பாதுகாப்பு ஏற்பாடு. அதையே நான் வீட்டில் செய்தால் அதற்குப் பெயர் பதட்டம். சம்பளம் வந்தால் ஒரு பெயர், வராவிட்டால் ஒரு பெயர் போலிருக்கிறது.

சரி, கோபம் தீர்ந்தது.

டப்பா வாங்கிவிட்டேன். ஆன்லைனில் இருந்ததிலேயே மலிவானது. படத்தில் நீல நிறத்தில் தகதகவென்று இருந்தது. கையில் வந்ததும் ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே வெறும் காற்று. எண்ணெயைப் பிடித்து நிறுத்த உள்ளே ஒரு தடுப்போ வலையோ இருக்க வேண்டும், அப்போதுதான் ஆவி அதில் மோதித் துளியாகும். இதில் ஒன்றுமில்லை. மேலே பகட்டு, உள்ளே வெட்டவெளி. நம் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் போல.

திருப்பி அனுப்பினால் இரண்டு வாரம் போய்விடும். ஒரு வீடியோவில் தாடிக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் இரண்டை உள்ளே திணித்துவிடுங்கள், அதுவே வலை. புது நாராகவே பார்த்துத் திணித்தேன். நேற்று மெக்கானிக்கின் ஸ்க்ரூ டிரைவரைக் கடன் வாங்கி நானே மாட்டியும் விட்டேன். "டயப்பர் கட்டியாச்சா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். வண்டி ஓடுகிறது. இன்று கிளினிக், கடை எல்லாம் போய்வந்தேன்.

நீங்கள் சொன்னபடி தினமும் காலையில் வாசலிலேயே கம்பியை எடுத்துப் பார்க்கிறேன். தினமும் மேல்கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. ஊற்றுகிறேன். உங்கள் வண்டி நல்ல குடிகாரன்.

வெளிர் பச்சை என்று எழுதினீர்களே, அதற்காக மட்டும் இந்தக் கடிதத்தில் அன்பு.

வீட்டுக்காரி


மார்ச் 25

உடனே செய். மிச்சத்தை அப்புறம் படி.

பானட்டைத் திற. அந்த நாரை வெளியே எடு. எடுக்கும்வரை வண்டியை எடுக்காதே.

எடுத்துவிட்டாயா? இனி படி. ஸ்டீல் நார் என்ஜின் அதிர்வில் பொடிப்பொடியாக உதிரும். டப்பாவின் மறுவாய் எங்கே போகிறது? காற்றுக்குழாய்க்கு. அங்கிருந்து டர்போவுக்கு, என்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற குட்டி ஃபேனுக்கு. பறக்கிற வேகத்தில் சுற்றும் இறக்கையில் ஒரு கம்பித் துண்டு பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஃபேன் இறக்கையில் ஒரு சின்ன நட்டு விழுந்து நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தாடிக்காரர் இதைச் சொன்னாரா? லைக் போடச் சொல்லியிருப்பார்.

உன் கடிதம் கிடைத்ததும் ஆபீசுக்கு ஓடினேன். சாட்டிலைட் ஃபோன் கேட்டேன். அதிகாரி "யாருக்கு என்ன?" என்றார். "என் மனைவி வண்டிக்குள்ள பாத்திரம் தேய்க்கிற நாரை வெச்சுட்டா சார்" என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "விபத்தா?" "இன்னும் இல்லை சார். விபத்துக்கு முன்னாடி." "அப்ப லெட்டர் போடுங்க" என்று சொல்லிவிட்டார். போடுகிறேன். லாரி நாளை மறுநாள்தான் கிளம்பும். அதுவரை நீ வண்டியை எடுக்காமல் இருக்க வேண்டுமே என்று ஒரு கிறுக்கன் போல ஃபேன் அறையில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பதட்டம் என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இப்போது எனக்கே தேவைப்படுகிறது.

காற்றுக்காரன்


ஏப்ரல் 2

கிறுக்கன் போலச் சுற்றுபவருக்கு,

மூட்டை நலம், நான் நலம், டர்போ நலம். சுற்றுவதை நிறுத்துங்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நாரை எடுத்துவிட்டேன். எனக்கு எப்போதும் திறந்து திறந்து பார்க்கிற புத்தி என்று சொல்வீர்களே, அந்தப் புத்திதான். மாட்டிய மூன்றாம் நாளே சும்மா இருக்க முடியாமல் மூடியைத் திறந்தேன். வெளிவாயின் ஓரத்தில் முடி போல ஒரு கம்பி ஒட்டிக்கொண்டிருந்தது. என் முடியா என்று கையில் எடுத்தேன். குத்தியது. ஸ்டீல் நாரின் இழை. பிறகு நாரைப் பிடுங்கி, டப்பாவைக் கழற்றி, பழைய ஹோஸையே மாட்டிவிட்டேன். மெக்கானிக் குழாயைக் கழற்றி டர்போ வாய்வரை பார்த்துக் கொடுத்தார். அன்று அவர் டயப்பர் என்று சொல்லவில்லை. நல்ல மனிதர்.

இந்த முறை பொறுமையாகத் தேர்ந்தெடுத்தேன். மூன்று வகை. ஒன்று அதே நீல ரகம், பெயர் மட்டும் வேறு. இரண்டாவதில் மேலே ஒரு குட்டி ஃபில்டர் வைத்து, காற்றை அப்படியே வெளியே விட்டுவிடுகிறார்கள். எளிதுதான், ஆனால் அந்தப் புகை நாற்றம் ஏசி வழியாக உள்ளே வரும், உள்ளே மூட்டை உட்கார்ந்திருப்பாள். வேண்டாம். மூன்றாவது கறுப்பு, பார்க்க லட்சணமே இல்லை. ஆனால் உள்ளே வெல்டிங்கில் பற்றவைத்த தடுப்புத் தகடுகள், உதிராத வலை, அடியில் எண்ணெயை வடிக்க ஒரு குழாய், எங்காவது அடைத்துக்கொண்டால் அழுத்தம் வெளியேற ஒரு வால்வு. அதையே வாங்கினேன். அழகைப் பார்த்து ஒருமுறை ஏமாந்தது போதும். உங்களைச் சொல்லவில்லை.

ஹோஸ் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் தண்ணீர்க் குழாயைத் தலையில் கட்டப் பார்த்தார். "இதுவும் குழாய்தானே மேடம், உள்ளே என்ன போகுதுன்னு பளிச்சுனு தெரியும்" என்றார். எண்ணெயில் ஊறினால் அது நனைந்த பிஸ்கட் போல ஆகிவிடும் என்று படித்திருந்தேன். எண்ணெய் தாங்கும் கறுப்பு ஹோஸைத்தான் கேட்டு வாங்கினேன். என்ஜின் குலுங்கும் என்பதால் டப்பாவை என்ஜின்மேல் மாட்டவில்லை. பேட்டரிக்குப் பக்கத்துச் சுவரில், சூடான குழாய்களுக்கு எட்டாத இடத்தில், பிராக்கெட் போட்டு இறுக்கினேன். ஹோஸை மடங்காமல், இழுக்காமல், குலுங்குவதற்குக் கொஞ்சம் தொங்கலும் விட்டேன். எந்த வாய் உள்ளே, எந்த வாய் வெளியே என்று மூன்று முறை பார்த்தேன். மூட்டை கூடைக்குள் உட்கார்ந்து, நான் ஸ்பானரைத் திருப்பும்போதெல்லாம் கை தட்டினாள். யாரும் எனக்கு இதுவரை ஒரு வேலைக்குக் கை தட்டியதில்லை.

இத்தோடு முடித்திருந்தால் எவ்வளவு நல்ல கடிதம்!

நேற்று டப்பாவை வடித்தேன். மூட்டை வேண்டாமென்று துப்பிவிட்ட அந்தப் பழைய ஃபீடிங் பாட்டிலில் பிடித்தேன், அளவுக்கோடு இருக்கிறதே என்று. ஸ்பூன் கணக்கில் வரும் என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். எனக்குப் பாட்டில் கழுத்துவரை வந்தது. ஒரே வாரத்தில்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இவ்ளோ கக்குதுன்னா உள்ள பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போயிருக்கணும்மா. என்ஜினைப் பிரிக்கணும். மலைக்கெல்லாம் இதை நம்பிப் போகாத. வந்த விலைக்கு வித்துட்டு வேற பாரு" என்றார்.

டப்பா வாங்கியதால்தான் இது தெரிந்தது. வாங்காமல் இருந்திருந்தால் தெரியாமலே மலை ஏறியிருப்பேன். இதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டாவதைச் செய்தேன்.

என்ன செய்யட்டும்? மே வருகிறது.

வீட்டுக்காரி


ஏப்ரல் 9

கண்ணம்மாவுக்கு,

அழாதே. அது இரும்பு.

வந்தவனுக்கு விற்றுவிடு. மெக்கானிக் சொல்வது நியாயம். குழந்தையோடு அந்தக் கணவாயில் நீ நிற்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு ஃபேன் அறையில் மூச்சு முட்டுகிறது. அடுத்த மழை முடிந்து பார்த்துக்கொள்ளலாம். ஒரு வருஷம் என்ன, கண்ணை மூடித் திறந்தால் போய்விடும். எலக்ட்ரீஷியன் ஒருவர் குடும்பத்துக்கு இடம் கிடைக்காமல் அலைகிறார். ஆபீசில் போய் நம் அறையை அவருக்கே கொடுத்துவிடச் சொல்கிறேன்.

வாசல் பச்சை முடிந்துவிட்டது. இரண்டாம் கோட்டும் அடித்துவிட்டேன், உன் கடிதம் வருவதற்கு முன்னால். அவர் மனைவிக்குப் பிடிக்குமோ என்னவோ.

மூட்டைக்கு இப்போது எத்தனை பல்? எழுது. யாராவது கேட்டால் ஒன்று என்று பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே வேறு செய்தி இல்லை.

காற்றுக்காரன்


ஏப்ரல் 15

கையெழுத்தைப் பார்த்தாலே எவ்வளவு நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று தெரிகிறது. என்னிடம் மறைக்க வராது, விடுங்கள்.

ஆபீசில் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருந்தால் இன்றைக்கே போய் மாற்றிச் சொல்லுங்கள். காலில் விழுந்தாலும் சரி.

நடந்ததைச் சொல்கிறேன்.

திங்களன்று ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், எல்லோரும் ஏன் டயரை உதைக்கிறார்களோ. சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனார். நான் சரி என்றுவிட்டேன்.

புதனன்று மூட்டையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன், கக்குவது நிற்கவில்லை என்று. நர்ஸ் எடை போட்டார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்ப எப்ப பால் குடுக்குறீங்க?" என்றார். சொன்னேன். "அழுதாக் குடுக்குறீங்களா, நீங்களா குடுக்குறீங்களா?" "அழுதாலும் குடுப்பேன், அழலைன்னா ஏன் அழலைன்னு குடுப்பேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இவளுக்கு ஒரு நோயும் இல்லைங்க. வயிறு நிறைஞ்சா மிச்சம் எங்க போகும்? மேல வரும். கொஞ்சம் குறைச்சுக் குடுங்க, குழந்தை பாவம்" என்றார்.

வெட்கமாக வெளியே வந்தேன். கிளினிக் வாசலில் புதிதாகச் சிமெண்ட் போட்டிருக்கிறார்கள், கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும், அப்படியொரு சமதரை. அன்று காலை அவசரத்தில் எண்ணெய் பார்க்காமல் வந்திருந்தேன். வண்டியும் வெகுநேரமாக நின்றிருந்தது. பழக்க தோஷத்தில் பானட்டைத் திறந்து கம்பியை உருவினேன்.

எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி, அதற்கும் மேலே விரல் நீளம் ஏறி நின்றது.

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே. மூட்டையைப் பார்த்தேன். அவள் என் தோளில் இன்னும் கொஞ்சம் கக்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் தெரு மேடு. நீங்கள் சொன்னபடி வண்டியின் மூக்கை மேடு பார்த்து நிறுத்துகிறேன். எண்ணெயெல்லாம் பின்பக்கம் ஓடிப்போய் நிற்கும். கம்பியோ என்ஜினின் முன்பக்கம் இறங்குகிறது. தினமும் காலையில் அங்கேயே பார்க்கிறேன், தினமும் குறைவாகக் காட்டுகிறது, தினமும் ஊற்றுகிறேன். ஷெட்டில் இருந்த இரண்டு கேனும் காலி என்பது அன்றுதான் என் மூளையில் ஏறியது. ரிங்கும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. வயிறு முட்ட ஊட்டினால் அதுவும்தான் என்ன செய்யும்? கக்கியது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு குழந்தைக்கு ஒரே நேரத்தில் அளவு மீறி ஊட்டியிருக்கிறோம். அந்தப் பழமொழியை நீங்கள் சொல்லக் கூடாது. நானும் சொல்லப் போவதில்லை.

நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சமதரையில் நிறுத்தச் சொன்னேன். மெக்கானிக் கம்பியைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "எண்ணெய் பத்தாம வர்ற வண்டியத்தாம்மா பாத்திருக்கேன். இப்படி உண்ட மயக்கத்துல வர்ற வண்டிய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். அடியில் நட்டைத் தளர்த்தி மிச்சத்தை இறக்கினார். காற்றுக்குழாயையும் துடைத்துக் கொடுத்தார்.

பிறகு மூன்று நாள் வேண்டுமென்றே நன்றாக ஓட்டினேன். நெடுஞ்சாலைவரை போய்வந்தேன். டப்பாவை வடித்தால் பாட்டில் அடியில் ஒரு ஸ்பூன். அவ்வளவுதான். அந்த ஒரு ஸ்பூனைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். சனிக்கிழமை வந்தவரிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். போகும்போது இன்னொரு முறை டயரை உதைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் வருகிறோம். அறை இருக்கிறதா?

வீட்டுக்காரி

பி.கு. இரண்டு பல். கீழே ஒன்று வரப்போகிறது. கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.


ஏப்ரல் 22

வா.

அறை இருக்கிறது. நான் ஆபீசில் சொல்லவே இல்லை. சொல்லத்தான் போனேன். கதவுவரை போய், அதிகாரி சாப்பிடப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். மறுநாள் அவருக்குத் தலைவலி இருக்கும் என்று தோன்றியது. அதற்கு மறுநாள் லீவு. இப்படியே அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நோய் கொடுத்துக்கொண்டிருந்தேன், உன் கடிதம் வந்துவிட்டது. எலக்ட்ரீஷியனுக்கும் பழைய ஸ்டோர் அறையைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். நேற்றுப் போய் அதற்கும் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

மேடு விஷயம். நான் எப்போதும் மார்க்கெட் திடலில் நிறுத்திவிட்டுத்தான் கம்பியைப் பார்ப்பேன். வாசலில் பார்த்ததே இல்லை. உனக்கு எழுதும்போது அது தோன்றவே இல்லை. கூட இருந்தால் குற்றமில்லை என்று வேறு எழுதித் தொலைத்தேன். சுரங்கத்தில் காற்றைக்கூட அளந்துதான் அனுப்புகிறேன், அதிகமானால் தூசி கிளம்பி ஆள் நிற்க முடியாது. தெரிந்த வேலையில் இருக்கிற புத்தி வீட்டு விஷயத்தில் எங்கே போகிறதோ.

இனி கவனமாகக் கேள். விடிந்த பிறகு கிளம்பு. ஏற்றத்தில் கியரைக் குறைத்தே வா. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. முதல் பாலத்தில் நிறுத்தி டப்பாவைப் பார். ஹோஸ் கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா பார். மரக்கடைக்குப் பக்கத்தில் இன்னொரு முறை பார். கணவாய் உச்சியில் ஒரு கடை இருக்கிறது, அங்கே கட்டாயம் திறந்து பார், எண்ணெயும் பார், அங்கே சமதரைதான், நான் லாரிக்காரரிடம் கேட்டுவிட்டேன். பனி இருந்தால் நில். மூட்டைக்கு இரண்டு சட்டை போடு. இல்லை, மூன்று.

எழுதி முடித்துப் படித்தேன். இதை எழுதியது நீ என்று யாராவது சொன்னால் நம்பிவிடுவேன்.

காற்றுக்காரன்


ஏப்ரல் 30
கணவாய் உச்சி

மூன்று சட்டைக்காரருக்கு,

மூட்டை நலம். இரண்டு சட்டைதான் போட்டிருக்கிறேன், வியர்க்கிறது அவளுக்கு.

இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் உங்களிடம் வரும். கடை வாசலில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது, உங்கள் சாமான் லாரி வந்து எடுத்துக்கொண்டு போகுமாம். நீங்கள் இதைப் பிரிக்கும்போது நான் சமையலறையில் ஏதாவது ஒன்றைக் காணோம் என்று தேடிக்கொண்டிருப்பேன். பரவாயில்லை, பிரித்துப் படியுங்கள். பக்கத்தில் இருக்கும்போது உங்களிடம் இத்தனை வார்த்தை பேச எனக்கு வராது.

நம் குடிகாரன் ஏற்றமெல்லாம் நன்றாக ஏறினான். முதல் பாலத்தில் நிறுத்தவில்லை. மரக்கடையில் நிறுத்தினேன், ஆனால் மூட்டைக்குத் துணி மாற்ற. பானட்டைத் திறக்கவில்லை. இங்கே கட்டாயம் திறந்து பார் என்று எழுதியிருந்தீர்கள். புகை இல்லை, நாற்றம் இல்லை, சத்தம் எப்போதும் போலத்தான். சாவியைத் திருப்பினேன், நின்றான். சொன்ன பேச்சுக் கேட்டு நின்றான்! அந்த ஒன்றுக்காகத்தான் மார்ச்சிலிருந்து பயந்துகொண்டிருந்தேன்.

கை துறுதுறுவென்றுதான் இருக்கிறது. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். இந்தத் தாளைப் பானட்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுதி முடிக்கும்வரை திறக்க முடியாது அல்லவா. இளஞ்சூடு தாள் வழியாகக் கைக்கு ஏறுகிறது, குளிருக்கு இதமாக இருக்கிறது. கடைக்காரர் வந்து "என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று கேட்டார். "இல்லைங்க, லெட்டர் எழுதுறேன்" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய்விட்டார்.

டப்பாவை நீங்களே வந்து வடியுங்கள். ஃபீடிங் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் குவார்ட்டர்ஸ் வாசல் மேடா பள்ளமா என்று கேட்க மறந்துவிட்டேன். எதுவானாலும் எண்ணெயை அங்கே பார்க்க வேண்டாம்.

இங்கிருந்து கீழே பார்த்தால் உங்கள் சைட் கொட்டகைகள் தெரிகின்றன, தீப்பெட்டி அளவில். எதன் வாசல் பச்சை என்று தேடினேன். தெரியவில்லை. போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூட்டை தூங்கிக்கொண்டிருந்தாள். எழுத ஆரம்பித்ததிலிருந்து நான் ஒரு முறைகூட உள்ளே போய்ப் பார்க்கவில்லை. இதோ, விழித்துக்கொண்டாள்.

தானாகத்தான். நான் எழுப்பவில்லை.